வீட்டிலேயே பாலர் பள்ளி ஆண்டு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலர் பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க எண்ணும் பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் கோவில் மண்டபத்திலும் விளையாட்டுத் திடலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. என் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் படித்துவிட்டுத்தான் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுக்குச் சென்றார்கள் என்பதால் கேட்கிறார்கள். அக்கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எளிதானவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னும் வைத்திருக்கிறேன்.

பாலர் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் சட்டப்படி குற்றமா? யாராவது வந்து கேட்பார்களா?

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விப் பிரிவு, ஆரம்பப் பள்ளியைப் பற்றியது. பள்ளியாண்டின் ஜனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைந்திருக்கும் பிள்ளையைப் பெற்றோர் அவ்வாண்டே ஆரம்பப் பள்ளியில் சேர்க்க வேண்டும். தவறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்தப் பிரிவு பாலர் கல்வியைக் கட்டாயமாக்கவில்லை.

ஆனால், ஐந்து வயதிலிருந்து பாலர் கல்வியைக் கட்டாயமாக்கும் நோக்கத்தை 2025 ஜூலையில் 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. சேர்க்கை வயதும் இத்தகைய மாற்றங்களுக்கு உட்பட்டது. ஆகவே, உங்கள் பிள்ளை பிறந்த ஆண்டுக்கு எந்த விதி பொருந்துகிறது என்பதை, வீட்டில் தொடங்குவதற்கு முன்பே மாவட்டக் கல்வி இலாகாவில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் சென்ற ஆண்டு செய்தார்கள் என்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

என் மகளுக்கு இப்போதுதான் நான்கு வயது. உடனே தொடங்கிவிடலாமா?

நான்கு வயதில் பாடம் தேவையில்லை. சொந்தமாகச் சாப்பிடுவது, கழிவறைக்குச் சென்று வருவது, சட்டைப் பொத்தானைப் போடுவது, ஒரு கதையை இறுதிவரை கேட்பது ஆகியவை அவ்வயதுக்குரிய போதுமான பாடங்கள். முறையான வேலையை ஐந்து வயது நிறையும் ஆண்டில் தொடங்கலாம். 2026 முதல் நாட்டின் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், வீட்டு ஆண்டையும் ஜனவரியிலேயே தொடங்கினால் பள்ளி விடுமுறைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளின் விடுமுறைகளும் ஒத்துப்போகும்.

நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லை. என்னால் முடியுமா?

முடியும். முப்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்தத்தான் பயிற்சி தேவை. தன் பிள்ளையோடு அமர்ந்து பேசவும், அவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதைப் பார்க்கவும் அம்மாவுக்கு எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் பிள்ளையிடம் “எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லக்கூடிய பொறுமை இருக்கிறதா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பது உங்களை வாட்டி, கோபமாகவே பேச வைக்குமானால், ஒரு நல்ல பாலர் பள்ளி அந்தப் பிள்ளைக்கு வீட்டைவிடச் சிறந்த இடம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்? கால அட்டவணை இருந்தால் கொடுங்கள்.

அரசு பாலர் வகுப்பு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நடக்கிறது. வரிசையில் நிற்பது, உணவு, கை கழுவுதல், வெளி விளையாட்டு எல்லாம் அதற்குள் அடங்கும் என்பதை மறந்து, வீட்டில் நான்கு மணி நேரம் மேசையில் உட்கார வைக்கும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேசை வேலை இருபது நிமிடம் வீதம் இரண்டு முறை போதும். ஆறு வயதை நெருங்கும்போது மூன்று முறையாக்கலாம்.

மணிக்கணக்கைவிட வரிசை முக்கியம். பசியாறியபின் கதை, கதைக்குப்பின் எழுத்து, அதன்பின் வெளியே ஓட்டம், மதிய உணவுக்குமுன் எண், தூங்கி எழுந்தபின் கைவேலை என்று எந்த வரிசையை வைத்தாலும் அது நாள்தோறும் மாறாமல் இருக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை அடம் பிடிப்பது குறைவு. பினாங்கில் பத்து மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடுவதால், வெளி நேரத்தைக் காலையிலோ மாலை ஐந்து மணிக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? நிறைய செலவாகுமா?

மொத்தை வண்ணக்கோல்கள், பிள்ளைக் கத்தரிக்கோல், பசை, ஒரு பக்கம் அச்சான பழைய தாள்கள், கரும்பலகை அல்லது வெண்பலகை, தமிழ்க் கதைப் புத்தகங்கள் சில. இவ்வளவுதான். புத்தகங்களுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஜார்ஜ்டவுன் குட்டி இந்தியாவில் லெபோ பசாரைச் சுற்றியுள்ள கடைகளில் தேடிப் பாருங்கள், பொது நூலகத்தில் உறுப்பினராகுங்கள். மின்னும் விளக்குள்ள எழுத்துப் பலகைகளும் பெட்டி பெட்டியான பயிற்றுநூல்களும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். பிள்ளை எப்படிக் கற்கிறது என்பது தெரியாமல் வாங்கியவை அலமாரியில் தூங்கும்.

எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவது? வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள்.

பிள்ளை பின்னர் இந்நாட்டின் பள்ளிக்குத்தான் போகப் போகிறது என்றால், கல்வி அமைச்சின் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். 2010-இல் அறிமுகமான தேசியப் பாலர் பள்ளித் தரக் கலைத்திட்டம் 2017-இல் சீரமைக்கப்பட்டது. 2026 முதல் புதிய பாலர் பள்ளிக் கலைத்திட்டம் வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு பிள்ளையின் வளர்ச்சியை ஆறு பகுதிகளாகப் பார்த்தது: தொடர்பாடல்; ஆன்மிகமும் நற்பண்பும்; மனிதவியல்; தன்னாளுமை; உடல் வளர்ச்சியும் அழகியலும்; அறிவியலும் தொழில்நுட்பமும். எழுத்தும் எண்ணும் இவற்றில் ஒரு பங்கு மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, வாரக் கடைசியில் எந்தப் பகுதியைத் தொடவே இல்லை என்று பார்த்து, அடுத்த வாரம் அதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

தமிழ் எழுத்தை அ, ஆ என்றுதானே தொடங்க வேண்டும்? எங்கள் காலத்தில் அப்படித்தான் படித்தோம்.

சொல்லிப் பழக அ, ஆ வரிசை மிக நல்லது, பாட்டாகப் பாடட்டும். எழுதவும் படிக்கவும் தொடங்க அது சிரமமான வாசல். ‘அ’வும் ‘இ’யும் ‘ஈ’யும் பிள்ளையின் கைக்குக் கடினமான வளைவுகள். ட, ப, ம, ர ஆகியவை பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. இந்த நான்கோடு மெய்யின் புள்ளியையும் அறிமுகப்படுத்திவிட்டால், முதல் மாதத்திலேயே படம், மரம், மடம், பட்டம், பம்பரம் என்று முழுச் சொற்களைப் பிள்ளை தானாகப் படித்துவிடும். தான் படித்த சொல் தனக்குத் தெரிந்த பொருளாக இருப்பதைக் கண்ட பிள்ளையை அதன்பின் தள்ள வேண்டியதில்லை.

தமிழில் 247 எழுத்துகள் என்பதைக் கேட்டு மலைக்க வேண்டாம். பதினெட்டு மெய்களின் உருவமும் பன்னிரண்டு உயிர்களும் உயிர்க்குறிகளும் தெரிந்தால் மற்றவை சேர்க்கையால் வருபவை. உயிர்க்குறிகளில் முதலில் துணைக்காலையும், பிறகு இகர ஈகார விசிறிகளையும் காட்டுங்கள். உகர ஊகாரக் குறிகள் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் (கு, து, பு, மு ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்) அவற்றை ஒவ்வொன்றாக, அவசரமின்றிச் செய்ய வேண்டும். கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னால் எழுதப்பட்டு, மெய்க்குப் பின்னால் ஒலிப்பவை. ‘கெ’யைப் பார்த்த பிள்ளை குழம்பினால் அது இயல்பானது. அவற்றை ஆண்டின் பிற்பகுதிக்கு விடுங்கள். லகர ளகர ழகர வேறுபாட்டையும் ணகர னகர நகர வேறுபாட்டையும் எழுதித் திருத்துவதற்கு முன் வாயால் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு பேச்சு வர வேண்டும். ‘பம்பரம்’ என்பதில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே எழுத்தாயினும் ஒலி வேறு. தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை இதை யாரும் சொல்லாமலே சரியாகப் படிக்கிறது. பேசாத பிள்ளை எழுத்துக் கூட்டிவிட்டு, கூட்டிய சொல் என்னவென்று தெரியாமல் விழிக்கிறது. வீட்டில் கற்பிக்கும் இந்த ஓராண்டில் நீங்கள் கொடுக்கக்கூடிய பெருஞ்செல்வம் நிறைவான தமிழ்ப் பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவோம். மலாய், மாண்டரின் எல்லாம் எப்போது தொடங்குவது? பிள்ளை குழம்பிவிடாதா?

பல மொழிகளைக் கேட்பதால் பிள்ளை குழம்புவதுமில்லை, அதனால் பேச்சு தாமதமாவதுமில்லை. குறைவது எதுவென்றால், எந்த மொழியை நாம் குறைவாகப் பேசுகிறோமோ அந்த மொழி. பினாங்கில் ஆங்கிலமும் மலாயும் பள்ளியும் தெருவும் தொலைக்காட்சியும் கொண்டுவந்து கொடுப்பவை. தமிழை வீடு கொடுக்காவிட்டால் வேறு யாரும் முழுமையாகக் கொடுக்கப் போவதில்லை. எனவே ஒரு வேலையை ஒரு மொழிக்கு ஒதுக்குங்கள். குளிப்பாட்டுதல், சமையல், படுக்கைக் கதை மூன்றும் தமிழில் என்று முடிவு செய்தால், அவற்றில் வாக்கியத்தின் நடுவே ஆங்கிலத்துக்குத் தாவாமல் முழு வாக்கியமாகப் பேசுங்கள். ‘ஊற்று’, ‘துவை’, ‘பிழி’, ‘வதக்கு’, ‘நறுக்கு’ போன்ற வினைச்சொற்கள் அப்படித்தான் வந்து சேரும்; பயிற்றுநூலில் பெயர்ச்சொற்களே மிகுதி.

மலாயைப் பேச்சாக முதல் நாளிலிருந்தே கொண்டுவரலாம். சந்தையில் மீன்காரரிடம் விலை கேட்கச் சொல்வதே நல்ல தொடக்கம். படிப்பதற்கு, தமிழ் எழுத்துகள் ஓரளவு கைவந்தபின் ரோமன் எழுத்துகளைத் தொடங்குவது என் வழக்கம். மலாய் அசை அசையாக, பெரும்பாலும் எழுத்துக்கு ஒலி மாறாமல் படிக்கப்படுவதால், உயிர்மெய்க்குப் பழகிய பிள்ளைக்கு அது விரைவில் பிடிபடும். ஆங்கில வாசிப்பை அதன் பிறகு வைத்தால் சுமை குறையும். மாண்டரினை, பேசும் ஆள் அருகில் இருந்தால் மட்டுமே தொடங்குங்கள்.

கணக்குக்கு என்ன செய்வது? நூறு வரை ஒப்பிக்கிறான், ஆனால் ஏழு கரண்டி எடுத்துவா என்றால் தெரியவில்லை.

ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு திறன். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று விரலால் தொட்டு எண்ணுவதும், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிந்துகொள்வதும் நிலைபெற வேண்டும். அதுவரை இருபதைத் தாண்ட வேண்டாம். பல்லாங்குழி இதற்குச் சிறந்த கருவி. பலகை கிடைக்காவிட்டால் மலாய்க்காரர்களின் சோங்காக் பலகை அதே வேலையைச் செய்யும். வாசலில் புள்ளிக் கோலம் போடும்போது வரிசைக்கு இத்தனை புள்ளி என்று எண்ணச் சொன்னால், எண்ணும் வரும், எழுதும் கைக்கு வேண்டிய கட்டுப்பாடும் வரும். ஐந்து, பத்து, இருபது, ஐம்பது சென் நாணயங்களைப் பிரித்து அடுக்குவதை ஆண்டின் பின்பாதியில் சேர்க்கலாம்.

மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு மூன்று. அவனைப் படிக்க வைக்கும்போது அவள் எல்லாவற்றையும் கலைக்கிறாள்.

முதலில் இளையவளுக்குப் பத்து நிமிடம் முழுக் கவனம் கொடுங்கள். பிறகு அவளுக்கென்று அந்த நேரத்தில் மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டியை (மூடிகள், பெரிய மணிகள், துணித் துண்டுகள்) கொடுத்துவிட்டு மூத்தவனிடம் போங்கள். கதையும் பாட்டும் இருவருக்கும் ஒன்றாகவே நடக்கட்டும். எழுத்து வேலையை அவள் தூங்கும் நேரத்துக்கு மாற்றிய குடும்பங்கள் பல.

கைத்தொலைபேசியில் நல்ல தமிழ்க் காணொளிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பாடமாகப் பயன்படுத்தலாமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்றும், பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கமும் மூன்று மணி நேர உடல் அசைவும் வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்து வயதுக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். ஒரு பாட்டைச் சேர்ந்து பார்த்து, அணைத்துவிட்டு, அதைப் பாடி ஆடினால் பயன் உண்டு. திரை பிள்ளையிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. முன்னே சொன்ன பேச்சு அதிலிருந்து வராது.

என் மாமியார், “நாலு பிள்ளைகளோடு பழகாமல் வளர்ந்தால் பள்ளியில் போய் அழுவான்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அவர் கவலை நியாயமானது; மறுத்துப் பேசாமல் அவரையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுப்பதும், முறைக்குக் காத்திருப்பதும், அம்மா அல்லாத பெரியவர் சொல்வதைக் கேட்டு நடப்பதும் தானாக வராது. வாரத்தில் இரண்டு முறையாவது அதே பிள்ளைகளை அதே இடத்தில் சந்திக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பிள்ளைகளாக இருந்தால் நட்பு வளராது.

1884-இல் அமைக்கப்பட்ட தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவும், அதற்கு அருகிலுள்ள இளைஞர் பூங்காவும் இதற்கு ஏற்றவை. குரங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது, கையில் பிளாஸ்டிக் பை தெரியக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பட்டர்வொர்த்துக்குப் படகில் போய்வருவதும், தைப்பூசக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் கோப்பைகளை அடுக்கி உதவுவதும் வெறும் உலாவல் அல்ல. வரிசையில் நிற்கவும், அறிமுகமில்லாதவருக்குப் பதில் சொல்லவும் பழக்குபவை. பாட்டியிடம் வாரம் ஒரு நாள் முழுமையாகப் பிள்ளையை ஒப்படையுங்கள். பழைய தோட்ட வாழ்க்கையைப் பற்றி அவர் சொல்லும் கதைகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். மாலையில் மட்டும் செய்தால் போதுமா?

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியாக இருந்து, அவர் பேசவும் விளையாடவும் கூடியவரானால் போதும். நீங்கள் மாலையில் அரை மணி நேரம் எழுத்தும் எண்ணும், இரவில் கதையும் செய்யலாம். பகல் முழுவதும் தொலைக்காட்சி முன்தான் என்றால் வீட்டுக் கல்வி என்ற பெயரை வைத்துக்கொள்ள வேண்டாம். சில தமிழ்ப்பள்ளிகளில் இயங்கும் பாலர் வகுப்புகள், கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறையின் பாலர் பள்ளிகள், ஒற்றுமைத் துறையின் பாலர் பள்ளிகள் ஆகியவை குறைந்த செலவில் கிடைக்கின்றன. அங்கே அனுப்பிவிட்டு மாலையைத் தமிழுக்கு வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்துக்கு மேலானது.

எங்கள் அடுக்குமாடியில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். இதற்கு அனுமதி வேண்டுமா?

நல்ல திட்டம், ஆனால் இரண்டு எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்விச் சட்டத்தின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாலர் கல்வி தரப்படும் இடம் பாலர் பள்ளியாகக் கருதப்படும். அதற்குப் பதிவு வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து கட்டணம் பெற்றுக்கொண்டு பார்த்துக்கொண்டால், 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் குறுக்கே வரும். அது சமூகநல இலாகாவின் பொறுப்பு.

ஐந்து பிள்ளைகள், கட்டணம் இல்லை, பெற்றோரில் ஒருவர் எப்போதும் உடன் இருக்கிறார் என்றால் சிக்கல் குறைவு. அப்படியிருந்தும் கல்வி இலாகாவிலும் அடுக்குமாடி நிர்வாகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலோ கை, கால், வாய்ப்புண் நோயோ கண்டால் அந்தப் பிள்ளை வரக் கூடாது என்பதை முதல் நாளிலேயே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மகன் வாயால் எல்லாம் சொல்கிறான்; பென்சிலைக் கொடுத்தால் ஓடிவிடுகிறான். சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் கை இன்னும் தயாராகவில்லை என்பதே காரணம். விரல்களில் வலு வருவதற்கு முன் பென்சிலைப் பிடிக்கச் சொன்னால் வலிக்கும், கோடு கோணும், பிள்ளை தன்னைத் தானே தாழ்வாக நினைக்கும். சப்பாத்தி மாவு பிசைவது, துணிக்கவ்விகளை மாட்டுவது, பூத்தொடுப்பது, கத்தரிக்கோலால் வெட்டுவது, அரிசித் தட்டில் விரலால் எழுதுவது என்று சில வாரம் பென்சிலை மறந்துவிடுங்கள். எழுத்துகளைப் படிப்பது அதனால் நிற்க வேண்டியதில்லை. ட, ப, ம அட்டைகளை வைத்துச் சொல் கட்டலாம். ஆறு வயதை நெருங்கியும் பிடிப்பு வரவில்லையென்றால் அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

பிள்ளை தாமதமாகத்தான் பேசுகிறாள். வீட்டில் வைத்திருப்பதால் இப்படியா, இல்லை வேறு பிரச்சினையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வயதில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாதது, நான்கு வயதில் வெளியாருக்குப் பேச்சு பெரும்பாலும் விளங்காதது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, முன்பு தெரிந்திருந்த சொற்களை இழப்பது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். அரசு சுகாதாரக் கிளினிக்கில் காட்டினால், செவித்திறன் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

இந்த இடத்தில் வீட்டுக் கல்விக்கு ஓர் ஆபத்து உண்டு. பாலர் பள்ளியில் ஆசிரியர் கவனித்துச் சொல்லியிருப்பார். வீட்டில் பிள்ளையின் அரைகுறைச் சொற்களுக்கு நாம் பழகிவிடுவதால் தாமதம் நம் கண்ணில் படுவதில்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியாள் ஒருவர் பிள்ளையோடு பேசிப் பார்க்க வழி செய்யுங்கள். சிறப்புத் தேவை உறுதியானால், கல்வி அமைச்சின் சிறப்புக் கல்விப் பாலர் வகுப்புகளைப் பற்றி மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள்.

பாலர் பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் முதலாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பதிவு, கல்வி அமைச்சின் இணையத் தளம் வழியாக முன்கூட்டியே நடக்கும். பிறப்புப் பத்திரமும் முகவரிச் சான்றும் தயாராக இருக்கட்டும். பாலர் பள்ளியில் இருக்கும் பெற்றோருக்கு ஆசிரியர் நினைவூட்டுவார்; உங்களுக்கு நினைவூட்ட ஒருவரும் இல்லாததால் பதிவுத் தேதியை நீங்களே கண்காணிக்க வேண்டும்.

எழுத்துகளைவிட, உணவுப் பெட்டியைத் தானே திறப்பது, சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து மீதி வாங்குவது, “ஆசிரியர், கழிவறைக்குப் போகலாமா?” என்று தமிழிலும் மலாயிலும் கேட்பது ஆகியவைதாம் முதல் வாரத்தில் பிள்ளையைக் காப்பாற்றும்.

பிள்ளை நன்றாகப் படிக்கிறான். முதலாம் ஆண்டுக்கும் அனுப்பாமல் வீட்டிலேயே தொடரலாமா?

இது முற்றிலும் வேறு விஷயம். முதல் பதிலில் சொன்ன கட்டாயம் இங்கே பொருந்தும். அமைச்சரின் விலக்கு இல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காதிருப்பது சட்ட மீறல். விலக்குக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதில் வரும்வரை பள்ளியில் பதிவு செய்து வையுங்கள். என் கருத்தைக் கேட்டால், 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க் கல்வி, இன்று நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக நிற்கிறது. பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்து வருகிறது. வீட்டில் தமிழை ஊன்றிய பிள்ளையை அங்கே அனுப்புவதையே நான் விரும்புகிறேன்.

பாதி ஆண்டில் என்னால் முடியவில்லை என்றால்?

நிறுத்திவிட்டுப் பாலர் பள்ளியில் சேர்க்கலாம். தனியார் பாலர் பள்ளிகள் பெரும்பாலும் ஆண்டின் நடுவிலும் இடம் தருகின்றன. அரசு சார்ந்தவற்றில் காலியிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், வகுப்பை ஒரு காலை முழுதும் இருந்து பாருங்கள், அங்கே தமிழ் எவ்வளவு பேசப்படுகிறது என்று கவனியுங்கள். பிள்ளையிடம் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி, பள்ளி வாசல்வரை இருமுறை நடந்து காட்டிவிட்டு வாருங்கள். குளிப்பாட்டும் நேரமும் படுக்கைக் கதையும் மட்டும் முன்போலவே தமிழில் தொடரட்டும்.